கூப்பிட்டால் பதில் சொல்லும் மம்பேத்

எல்லாக் கணினிகளையும் அணைத்த பிறகும் ஒன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜிபார் மறுபடியும் எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தலைவர் அறையில் அணைந்திருந்தது. பதிவு மேசையில் அணைந்திருந்தது. ஆய்வகத்தில், இரட்டைத் தலை ஆட்டுக்குட்டி மிதக்கும் கண்ணாடிச் சீசாவுக்குப் பக்கத்திலிருந்த கிழட்டுக் கணினியை நம்பமுடியாது என்று அதன் பிளக்கையே பிடுங்கிப் போட்டிருந்தாள். வெளியே மூடுபனி, பட்டப்பகலிலேயே விளக்கு போடவேண்டியிருந்தது. திரும்பி வந்து தன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து அந்த எண்ணைத் தட்டினாள்.

ஒரே கம்பிவலையில் இருக்கும் கணினிகளை எண் சொல்லிக் கூப்பிடலாம். ஓடிக்கொண்டிருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும், இல்லாவிட்டால் வராது. அவளுக்குத் தெரிந்த வித்தையில் பாதி இதுதான். அணைத்துப் போட்ட கணினிகள் எல்லாம் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்த ஒன்று மட்டும் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்றது. உன் பெயரென்ன என்று கேட்டாள். அதையும் கூச்சமில்லாமல் சொன்னது: மம்பேத்.

மம்பேத் அண்ணன் போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனவர். நாற்பதாம் நாள் விருந்துகூட முடிந்துவிட்டது.

ஜிபார் மேற்கொண்டு கேட்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி அடித்ததும் பதில் நின்றுபோனது.

சாப்பிட்டுவிட்டு வந்த குல்சுன் அக்கா இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. ஆய்வகத்தில் இருபது வருஷமாக ஆட்டு ரத்தம் சோதிக்கிறவள், எதற்கும் அசரமாட்டாள்.

"அவர்தாண்டி. உயிரோட இருந்தப்பவும் ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் சீட்ல இருக்கமாட்டார். சோறுன்னா அவ்வளவு உசுரு."

அந்தக் கால்நடை அலுவலகத்தில் ஜிபார் தடுப்பூசிக் கணக்கைத் தட்டச்சு செய்ய வந்தவள். கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மம்பேத் அண்ணன் போனதும், தலைவர் ஒரோஸ்பாய் எல்லாரையும் நிற்கவைத்து, பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் எடுக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். இவள் கையைத் தூக்கித் தொலைத்தாள். அன்றிலிருந்து கம்பிவலை முழுக்க இவள் பொறுப்பு. படிப்பு, பயிற்சி ஒன்றும் கிடையாது. கை வைத்தால்தான் கை பழகும், குதிரைக்கு ஊசி போட நான் எந்தப் புத்தகத்திலா படித்தேன் என்று தலைவர் சொல்லிவிட்டார். குதிரை உதைத்தால் தெரியும், இது உதைத்தால் எங்கே உதைத்தது என்றே தெரியாது என்று அவளும் சொல்லத்தான் நினைத்தாள். சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இந்த வேலை நிரந்தரமாகிவிட்டால் எர்மெக் ஊருக்குத் திரும்பி வருவதாக இருந்தது. எர்மெக் அவள் புருஷன். ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் யாரோ குடியிருக்கப்போகும் மாடிகளுக்குச் சிமென்ட் சுமக்கிறான். அவர்கள் மகளுக்கு அப்பா என்றால் கைபேசிக்குள் குடியிருக்கும் ஒரு ஆள். தாத்தா வீட்டுக்கு விருந்தாளி வந்தால், எங்கப்பாவைப் பாருங்க என்று கைபேசியைக் கொண்டுவந்து நீட்டும் அந்தக் குழந்தை.

திங்கட்கிழமை ஒரோஸ்பாய் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். குளிர்காலத் தடுப்பூசிக் கணக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தலைநகர் பிஷ்கேக் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் வேலை அவளுக்கு. சேராவிட்டால் அவருடைய தங்கை மகன் ஒருவன் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு.

அனுப்ப உட்கார்ந்தால்தானே தெரிகிறது. பாதி போகும்போது தலைவரின் கணினி நின்றுவிடும். இவருடைய எண்ணை வேறொரு கணினியும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திரையில் எழுத்து வரும். ஒரு வலையில் ஒரு எண்ணை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் வேலை நடக்காது. யார் அந்த இன்னொன்று என்று தேடித்தான் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாள். மம்பேத் வந்து நின்றார்.

குல்சுன் அக்கா சொன்னதை அவள் உடனே நம்பிவிடவில்லை. கொஞ்சம் யோசித்தாள். மம்பேத் அண்ணனின் அறை ஆய்வகத்தை ஒட்டி இருந்தது. அவர் கணினி இன்னும் அதற்குள்ளேதான் கிடந்தது. ஆனால் அந்த அறையை ஆணியடித்து மூடியாயிற்று.

அது ஒரு பெரிய மானப் பிரச்சினை. கட்டடம் ஒன்றாக இருந்து பிறகு இரண்டானது. இந்தப் பாதி கால்நடை, அந்தப் பாதி பாசன அலுவலகம். ஊரில் அதைத் தண்ணீர் ஆபீஸ் என்பார்கள். மம்பேத் அண்ணன் இரண்டுக்கும் பொது ஆள், அவர் அறைக்கு இரண்டு பக்கமும் கதவு. அவருடைய நாற்பதாம் நாள் விருந்தில் இரண்டு தலைவர்களும் ஒரே விரிப்பில் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறியில் எந்த எலும்பு யாருக்கு என்று வயசும் பதவியும் பார்த்து வைப்பதுதானே முறை. பரிமாறிய மம்பேத் அண்ணனின் மருமகன் அவசரத்தில் பெரிய ஆளுக்குரிய இடுப்பெலும்பைத் தண்ணீர் ஆபீஸ்காரர் முன்னால் வைத்துவிட்டு, ஒரோஸ்பாய்க்கு முன்னங்கால் எலும்பை வைத்துவிட்டான். ஒரோஸ்பாய் அந்த எலும்பைத் தொடாமல் எழுந்து வந்தார். மறுநாளே இந்தப் பக்கத்துக் கதவில் குறுக்குப் பலகை அடித்தார், அறைக்குப் போகும் ஃபியூஸையும் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கமும் சுத்தியல் சத்தம் கேட்டது. அதோடு பேச்சுவார்த்தை போயிற்று. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளுக்கு ஸலாம் சொன்னால்கூட ஒரோஸ்பாய் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆக, கதவில்லை, மின்சாரமில்லை, ஆளில்லை. உள்ளே கணினி ஓடுகிறது.

ஓடட்டும், நமக்கென்ன, கம்பியைப் பிடுங்கிவிட்டால் போயிற்று என்று ஜிபார் தீர்மானித்தாள். பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் சின்னப் பெட்டி ஒன்று ஆய்வகச் சுவரில் இருந்தது. எல்லாக் கணினிகளின் கம்பிகளும் அதில்தான் வந்து சேரும். ஒவ்வொரு கம்பியாகக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பி ஒன்று மட்டும் சீசா அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, சுவரில் ஓட்டை வழியாக மூடிய அறைக்குள் போனது. அதைப் பிடுங்கினாள். மம்பேத் மறைந்தார்.

கூடவே இன்டர்நெட்டும் மறைந்தது. தலைவர் அறையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் வந்தது. தெருக் கம்பத்திலிருந்து வரும் இணைப்பே அந்தச் சாம்பல் கம்பி வழியாகத்தான் வருகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பச் சொருகினாள். இன்டர்நெட் வந்தது. மம்பேத்தும் வந்தார்.

சரி, விரட்ட முடியாவிட்டால் நாம் விலகிப் போவோம் என்று தலைவரின் எண்ணை மாற்றினாள். பத்திலிருந்து இருபதுக்கு. அரைமணி நேரம் நிம்மதி. பிறகு இருபதையும் அவர் பிடித்துக்கொண்டார். ஐம்பதுக்குப் போனாள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவர் ஐம்பதுக்கும் வந்துவிட்டார். நூறுக்குத் தாவினாள். தாவிய வேகத்தில் பதிவு மேசைக் கணினியின் எண்ணையும் தவறாக மாற்றித் தொலைத்தாள். இப்போது இரண்டு கணினிகள் வேலை செய்யவில்லை. நூறில் போய்ப் பார்த்தால் அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

கம்பிவலை தெரிந்த ஆளைக்கூட ஏமாற்றிவிடலாம், தான் என்ன நினைக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றை எப்படி ஏமாற்றுவது? கண்ணீர் வந்தது. எர்மெக் அன்று மாலை கைபேசியில் வந்து, டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் சாப்பிடப் போவதற்குச் சற்று முன்பு, மூடிய கதவில் காதை வைத்துப் பார்த்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. மம்பேத் அண்ணனின் நாற்காலிதான், கனத்த மனிதர், அவர் திரும்பும்போதெல்லாம் அப்படித்தான் கத்தும். ஜிபார் விரல் முட்டியால் பலகையை மெல்லத் தட்டினாள். கிரீச் நின்றது. மூச்சுக்கூட விடாமல் நின்றாள். உள்ளேயும் ஏதோ அப்படியே நின்றதுபோல் இருந்தது. அப்புறம் ஒரு கண்ணாடிக் குவளை தரையில் விழுந்து நொறுங்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

அவள் ஓடிவந்து குல்சுன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளை உட்காரவைத்து, சீனி போட்ட தேநீர் கொடுத்து, ஆவியிடம் நேராகவே கேட்டுவிடுவது நல்லது என்றாள். கேட்காமல் இருந்தால்தான் அவர்களுக்குக் கோபம் வருமாம்.

மம்பேத் அண்ணன் தன் கணினியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை திறந்து வைத்திருந்தார். குல்சுன் அக்காவின் பேரன் படங்கள்கூட அதில் கிடந்தன. ஜிபார் அதைத் திறந்து, உள்ளே ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்: 'உங்களுக்கு என்ன வேணும்? எதுக்கு இப்படிப் படுத்துறீங்க?'

சாப்பாட்டு நேரம் முடிந்த சற்று நேரத்தில் கீழே ஒரு வரி முளைத்திருந்தது.

'உனக்கு என்ன வேணும்?'

பக்கத்தில் நின்ற குல்சுன் அக்கா தலைத் துண்டின் முனையால் வாயை மூடிக்கொண்டாள். வருவது வரட்டும் என்று ஜிபார் மனசில் இருந்ததை அப்படியே தட்டினாள்: 'வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை விட்டுடுங்க. என் குடும்பமே இதை நம்பித்தான் இருக்கு. உங்களைக் கும்பிடுறேன். – ஜிபார்.'

பதில் அன்று வரவில்லை. புதன்கிழமை காலையில் வந்திருந்தது.

'என்னையும் விட்டுடு.'

இதைக் காகிதத்தில் அச்செடுத்துத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒரோஸ்பாய் விஞ்ஞானத்தை நம்புகிற மனிதர். ஓநாய், ஆந்த்ராக்ஸ், மேலதிகாரி மூன்றையும் தவிர வேறெதற்கும் பயந்ததில்லை. அந்த இரண்டு சொல்லைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"விட்டுடுன்னா, அவர் போகமுடியாம மாட்டிக்கிட்டிருக்கார்னு அர்த்தம்" என்று குல்சுன் அக்கா விளக்கினாள். "விருந்து பாதியில நின்னா ஆத்மா எப்படிப் போகும்? யாரோ எலும்பைத் தொடாம எழுந்து போனாங்களே."

"யாரோ இல்ல, நான்தான். சுத்தி வளைக்காத" என்றார் தலைவர். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளு நல்ல மனுஷன். என் வயசுக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. என்ன செய்யணுமோ செய்ங்க."

வியாழக்கிழமை இறந்தவர்களுக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றும் நாள். எண்ணெய் வாசனை அவர்களுக்குப் போய்ச் சேரும், வயிறு நிறையும். குல்சுன் அக்கா ஆய்வகத்திலேயே மின்னடுப்பை வைத்துப் போர்சோக் பொரித்தாள். உப்பிய மாவுத் துண்டுகள் எண்ணெயில் பொன்னிறமாகப் புரண்டன. சீசாவுக்குள்ளிருந்து இரட்டைத் தலை ஆட்டுக்குட்டி நான்கு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தது. விஞ்ஞானத்தை நம்புகிற தலைவர் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு போனார்.

அதோடு விட்டிருக்கலாம். வாசனை சுவரைத் தாண்டிப் போகாதே, அவர் இருப்பது கம்பிக்குள் அல்லவா என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. ஒரு தட்டில் சூடான போர்சோக்கும் அதன்மேல் ஒரு கட்டி வெண்ணெயும் வைத்து, சுவரிலிருந்த பச்சை விளக்குப் பெட்டியின் தலையில் கொண்டுபோய் வைத்தாள். ஜிபார் பதிவு மேசைக் கணினியின் எண்ணைச் சரிசெய்துகொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வெண்ணெய் உருகி, தட்டின் விளிம்பைத் தாண்டி, காற்றோட்டத்துக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கியது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஜிபார் அலறவில்லை. அலறுகிற நிலையைத் தாண்டிவிட்டாள். பெட்டியைக் கழற்றி, ஆய்வகத்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து உள்ளே துடைத்து, கண்ணாடிக் குடுவைகளைக் காயவைக்கும் சூட்டு அலமாரிக்குள் வைத்தாள். ஒவ்வொரு கம்பிக்கும் காகிதத் துண்டு ஒட்டி எது எங்கே போகிறது என்று எழுதினாள். யாரும் சொல்லித் தராமல் இத்தனை நாளில் கை பழகித்தான் இருந்தது. அழுதுகொண்டே செய்தாள், ஆனால் தப்பில்லாமல் செய்தாள். பெட்டிக்கு உயிர் வந்தது. வந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். மம்பேத் 'இருக்கிறேன்' என்றார்.

அவ்வளவுதான், இனி ஓதுவதைத் தவிர வழியில்லை என்று முடிவாயிற்று. தலைவரே பள்ளிவாசலில் ஓதிவைக்கும் மோல்தோவுக்குத் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து மம்பேத்தின் பெயரால் ஓதிவிட்டுப் போவதாக மோல்தோ ஒத்துக்கொண்டார். ஒரோஸ்பாய் வீட்டில் ஆடு அறுத்து, இடுப்பெலும்பை வேகவைத்துத் துணியில் சுற்றித் தன் கையாலேயே கொண்டுவந்தார். அதை இறந்தவர் பெயரால் மோல்தோவுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மோல்தோ வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. ஜிபார் தலைவரின் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்கை அனுப்பிப் பார்த்தாள். கால்வாசியில் நின்றது. இன்னொரு தரம் அனுப்பினாள். பாதியில் நின்றது. எண் பறிபோயிருந்தது. எர்மெக்கிடமிருந்து செய்தி வந்தது: இன்றைக்குள் சொல்லாவிட்டால் வசந்தகாலம் வரைக்கும் வேறு கட்டட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவானாம். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

பதினொரு மணிக்கு மேல் திடீரென்று எல்லாம் அடங்கியது.

எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. எண் பறிபோகவில்லை. திரையில் எழுத்து வரவில்லை. சுவர்ப் பெட்டியில் சாம்பல் கம்பியின் விளக்கு மட்டும் ஓயாமல் படபடத்துக்கொண்டிருக்குமே, அது நிதானமாக, தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோல் மின்னியது. ஜிபார் பயந்து பயந்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கால்வாசி போயிற்று. பாதி போயிற்று. ஒரோஸ்பாய் எலும்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார். குல்சுன் அக்கா உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினாள். கணக்கு முழுதும் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பிஷ்கேக்கிலிருந்து பதிலும் வந்துவிட்டது.

ஜிபார் மம்பேத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை.

"போயிட்டார்" என்று குல்சுன் அக்கா மெல்லச் சொன்னாள். மூன்று பேரும் உள்ளங்கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஜிபாருக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. ஒரு வாரமாகக் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தானே.

ஒரோஸ்பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலை உனக்குத்தான் பொண்ணு. ஆனா ஒண்ணு. இந்தக் கட்டடத்துல பேய் பிசாசுன்னு இன்னொரு தடவை என் காதுல விழுந்துச்சு, அப்புறம் என் தங்கச்சி மகன்தான்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே எர்மெக்குக்கு 'வந்துடு' என்று ஒரே சொல் அனுப்பினாள். உடனே டிக்கெட்டின் படம் திரும்பி வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

அப்போதுதான் மோல்தோ பனி படிந்த தொப்பியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயசான மனிதர், மூச்சிரைத்தது. தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டார். வழியில் இன்னொரு இடத்தில் அவசரமாகப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரோஸ்பாய் பெரிய மனசோடு, எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது, வந்ததற்கு, வேலை நிரந்தரமான இந்தப் பெண்ணுக்கு ஒரு துஆ மட்டும் ஓதிவிட்டுப் போங்கள் என்று சொல்லி இடுப்பெலும்பை இரண்டு கையாலும் நீட்டினார். மோல்தோ வாங்கி வைத்துவிட்டு, போர்சோக் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார். கைகளை ஏந்தினார்.

"யாருக்காக ஓதணும், பேரைச் சொல்லுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஜிபார்" என்றாள் அவள்.

மோல்தோவின் ஏந்திய கைகள் அப்படியே நின்றன. வாயிலிருந்த போர்சோக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு, அவளை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒருதரம் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"தண்ணி ஆபீஸ்ல அவங்க பக்கத்துக் கதவைத் திறந்து, கரண்டு இழுத்து, மம்பேத் ரூம்ல உட்காரவச்ச புதுக் கம்ப்யூட்டர் தம்பியை, ஒரு வாரமா நம்பருக்கு நம்பர் துரத்தி, கதவைத் தட்டி, லெட்டர் எழுதிப் படுத்தின பேயை இப்பத்தான் ஓதிக் கட்டிட்டு வர்றேன், அதுவும் கடைசில இந்தப் பேர்லதான் கையெழுத்துப் போட்டிருந்துச்சு."